வீட்டில் 10 பக்கம், கடையில் 12 பக்கம்

வீட்டில் 10 பக்கம் இருந்த கட்டுரை, பிரின்ட் கடையில் திறந்தால் 12 பக்கம் காட்டுகிறதா? வேர்ட் கோப்பைக் கொடுக்காமல் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். அதே 10 பக்கம்தான் பிரின்ட் ஆகும்.

கட்டுரை கூடவில்லை, எழுத்துருதான் மாறியிருக்கும். நீங்கள் இணையத்தில் இறக்கிப் போட்ட எழுத்துரு கடைக் கணினியில் எங்கே இருக்கப்போகிறது? விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதாகூட விண்டோஸ் 10 முதல் தமிழ் மொழியைச் சேர்த்தால்தான் வரும். இல்லாததற்குப் பதில் வேர்ட் வேறொன்றைப் போட்டுவிடும். எல்லாம் 12 புள்ளி அளவுதான், ஆனால் தமிழ் எழுத்துருக்களின் அகலமும் உயரமும் ஒன்றல்ல. 1.5 வரி இடைவெளியும் எழுத்துருவின் சொந்த உயரத்தை வைத்தே பெருகுவதால், ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இரண்டு பக்கம் ஆகிவிடும்.

கடையில் திறந்ததும் மேலே எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரை நம்ப வேண்டாம், எழுத்துரு இல்லாவிட்டாலும் பழைய பெயரையே காட்டும். 'ணு', 'கூ' இரண்டின் வடிவத்தையும் வீட்டுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் தாள் அளவு. ஏ4 உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் 279 தான். கடையில் லெட்டருக்கு மாறியிருந்தால் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி குறையும். லெட்டர் சற்று அகலம் என்பதால் அதில் பாதி திரும்பி வரும், ஆகவே தாள் மட்டும் இரண்டு பக்கத்தை ஏற்றாது.

ஒன்று கவனம்: பக்கத்தைக் குறைக்க வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' (மாறாத உயரம்) என்று வைத்து 12 புள்ளிக்கு இறக்காதீர்கள். 'கீ'யின் சுழி வெட்டுப்பட்டு 'கி' மாதிரி நிற்கும். நான் அப்படி ஒருமுறை கொடுத்துவிட்டு முழுவதையும் திரும்ப அடித்தேன்.