முட்டிக்குள்ள இருக்கற நீர் பத்தி நாலு கேள்வி

கே: டாக்டர், எனக்கு முடக்குவாதம். வீங்கின முட்டில ஊசி போட்டு நீர் எடுத்தப்ப வெறும் தண்ணி மாதிரி வந்துச்சு, அது கொழகொழன்னு தானே இருக்கணும்?

ப: ஆமா. நல்ல முட்டில மொத்தமே 4 மில்லிக்குள்ள தான் இருக்கும், முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் இழுக்கும். அந்தப் பிசுபிசுப்பு ஹையலுரானிக் ஆசிட்னு ஒரு நீளமான சங்கிலியால வருது. முடக்குவாதத்துல வெள்ளணுக்கள் கும்பலா உள்ள பூந்து சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ப்ளீச்சிங் தண்ணில இருக்கற ஹைப்போகுளோரஸ் ஆசிட் எல்லாத்தையும் கக்கும், இதுங்க அந்தச் சங்கிலிய துண்டு துண்டா வெட்டிடும், நீரும் இளகிப் போயிடும். 1974லயே ஜோ மெக்கார்ட்ங்கற அமெரிக்க விஞ்ஞானி இத சோதனைக் குழாய்ல காட்டிட்டார், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்சைம சேர்த்தா நீர் கெடாம நிக்குதுன்னும் காட்டினார். ஆனா ஒண்ணு, சங்கிலி வெட்டுப்படறது முழு நஷ்டம் இல்ல, குருத்தெலும்பு மேல விழ வேண்டிய அடில கொஞ்சத்த அது வாங்கிக்குது.

கே: அப்ப நீருக்குன்னு வேற பாதுகாப்பே இல்லையா சார்?

ப: இருக்கு. ஆல்புமின், யூரிக் ஆசிட், வைட்டமின் சி எல்லாம் ரத்தத்துலருந்து வருது. எனக்குப் பெருசாப் படறது டிரான்ஸ்ஃபெரின்ங்கற ரத்தப் புரதம் தான், ஏன்னா பிடிப்பில்லாம சுத்தற இரும்பு பெராக்சைடோட சேர்ந்தா ஹைட்ராக்சில் ரேடிக்கல் வரும் (ரேடிக்கல்னா பக்கத்துல இருக்கறதத் தாக்கற நிலையில்லாத துணுக்கு), அது இருக்கறதுலயே மோசமானது, அந்த இரும்பத்தான் இது கட்டி வைக்குது. பெராக்சைட உடைக்கற கேட்டலேஸ் என்சைம் செல்லுக்கு வெளிய ரொம்பக் கம்மி, ஓட்டை அங்க தான்.

கே: வீக்கத்தோட வாக்கிங் போலாமா?

ப: வீங்கின முட்டிய அழுத்தி வேலை வாங்கினா உள்ள பிரஷர் ஏறி சின்ன ரத்தக்குழாய் அமுங்கிடும், ஓய்வெடுத்ததும் ரத்தம் திரும்பப் பாயறப்ப ரேடிக்கல் கிளம்பும். 1989ல முட்டிலயே அளந்து பாத்திருக்காங்க. அதுக்காக படுத்தே கெடக்காதீங்க, தொடை தசை கரைஞ்சிடும். வீக்கம் வடியற வரைக்கும் படி, சம்மணம், நீண்ட நடை வேணாம், படுத்தபடி கால மெதுவா நீட்டி மடக்குங்க.

கே: வைட்டமின் சி மாத்திரை, இல்ல ஜெல் ஊசி?

ப: அழற்சி உள்ள மூட்டுல வைட்டமின் சி செலவாகிக் குறையறது நிஜம், ஆனா இதையெல்லாம் கக்கற வெள்ளணுக்கள நிறுத்தாம மாத்திரையா கொட்டி என்ன பண்றது? நெல்லிக்கா, கொய்யா போதும், அளவுக்கு மீறிப் போட்டா கிட்னி கல்லு வரலாம். ஜெல் ஊசி, அதாவது ஹையலுரானிக் ஆசிட் ஊசி, மூட்டுத் தேய்மானத்துக்குன்னு வந்தது, அதுக்கே 2019 அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்க வழிகாட்டுதல் முட்டிக்கு வேண்டாம்னு தான் சாயுது. வீக்கம் இருக்கற முடக்குவாத முட்டில போட்டா புது ஹையலுரானிக் ஆசிடும் அதே மாதிரி வெட்டுப்படும். அந்தக் காசுக்கு முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்ட விடாம எடுங்க, வாரத்துக்கு ஒரு தடவை தான், தினமும் இல்ல.