நாலு தண்டு, இருபது பேர்

கேள்வி: யாழ்ப்பாணம் குருநகரில் அப்பப்பா வள்ளம் வைத்திருந்தவர். இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். பாரம்பரிய வள்ளம் வலிக்கும் குழு ஒன்றை இங்கே தொடங்க இருபது பேர்வரை ஆசைப்படுகிறோம். படகை வாங்குவதா, கட்டுவிப்பதா? எங்கே வைப்பது?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. நாலு தண்டு (நீண்ட துடுப்பு) வலிக்கும் வள்ளத்தில், சுக்கான் பிடிப்பவரோடு ஐந்து பேர் ஏறலாம். மிச்சப் பதினைந்து பேர் கரையில் நின்று என்ன செய்வார்கள்? இதற்கு வழி பார்க்காமல் தொடங்கினால், கொஞ்ச நாளில் போட்டோ எடுக்க மட்டுமே ஆட்கள் வருவார்கள். அதனால் புதுப்படகு வேண்டாம். பழையதொன்றை வாங்கி, எல்லோருமாகத் திருத்துங்கள்.

ஸ்கொட்லாந்தில் 2009இல் ஒரு மீன்பிடி அருங்காட்சியகம் தொடங்கிவைத்த திட்டம், புதுப்படகு என்றாலும், இப்படி எல்லோரும் கைபோட்டதால்தான் பரவியது. ‘செயின்ட் ஐல்ஸ்’ என்ற 22 அடிப் படகு. நாலு தண்டு, ஒரு சுக்கான். வெட்டிய பலகைகளைத் தொகுதியாக வாங்கி, ஊர்க்காரரே கூடிக் கட்டினார்கள். எல்லா ஊருக்கும் ஒரே அளவுப் படகு என்பதால் போட்டியில் காசுக்கு வேலையில்லை, கைவலிமைக்குத்தான் வேலை. படகு தண்ணீரில் இறங்கும்போது அதைத் தன்னுடையதென்று சொல்ல ஊரே இருந்தது.

நமக்கு அந்தப் பலகைத் தொகுதி தேவையில்லை. நீர்கொழும்புப் பக்கம் போனால், ஒரு பக்கம் மிதவைக் கட்டை பூட்டிய ‘ஒருவ’ தோணிகள் இருக்கின்றன. குடைந்த அடிமரத்தின் மேல் பக்கப் பலகைகளை ஆணியில்லாமல் தும்புக் கயிற்றால் தைப்பது பழைய முறை. அந்தத் தையல்தான் உங்கள் பதினைந்து பேருக்கும் வேலை. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் இருந்து கயிற்றைத் துளைவழியே கொடுத்து வாங்க, இன்னொருவர் இழுத்து இறுக்கவேண்டும். தும்பு உக்கும், பிறகும் தைக்கவேண்டும். வேலை தீராது, அதுதான் நல்லது. ஃபைபர் தோணி பாரமில்லை, பராமரிப்பும் குறைவு. ஆனால் வலிக்காத நாளில் அதன் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.

வாங்கும்போது அடிமரத்தையும் துளை வரிசையையும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். பஞ்சுபோல் இறங்கினால், விலை எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். தைக்கத் தெரிந்த பாஸ் (கைவினைஞர்) ஒருவரைக் கூலி கொடுத்தே அழையுங்கள். சும்மா வந்து சொல்லித்தரச் சொல்வது மரியாதையில்லை. காசை ஒருவரே போட விடாதீர்கள். போட்டால் அது அவருடைய படகு, மற்றவர்கள் விருந்தாளிகள். சின்னத் தொகையென்றாலும் எல்லோரும் மாதச் சந்தா கட்டட்டும்.

இடம்? வெள்ளவத்தைக் கரை சரிவராது. ரயில் பாதையைக் கடந்து படகு தூக்குவது உயிரோடு விளையாட்டு; கரையும் ஒடுக்கம், அலையும் நேரே வந்து அடிக்கும். தெஹிவளையில் மீனவர் படகுகள் நிற்கும் கரையைப் பாருங்கள். முதலில் மீனவர் சங்கத்தாரிடம் போய்ப் பேசுங்கள், சிங்களம் சரளமாக வருபவரை முன்னுக்கு விட்டு. படகு வைக்க வாடி (கரையோரக் கொட்டில்) போடுவதென்றால் கவனம்: கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுமானத்துக்கு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஓலைக்கொட்டில்தானே என்று நினைக்காமல் கேட்டுவிடுங்கள்.

வலிக்கப் பழகும்போது எல்லோரும் தன் தண்டின் நுனியையே பார்ப்பார்கள். தாளம் குலைவது அதனால்தான். முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்க்கவேண்டும். முதுகு சாயும்போது நீங்களும் சாயுங்கள். நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றவேண்டாம்.

மேற்குக் கடல் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் புதியவர்களுக்கு இடம் கொடுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அந்த மாதங்களில் படகைக் கவிழ்த்து வைத்துத் தையல் பாருங்கள். கை அரித்தால் பொல்கொடை வாவிக்குப் போகலாம், ஆனால் அங்கே முதலை உண்டு. 2022 தொடக்கத்தில் வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலிலேயே முதலை தென்பட்டது ஞாபகமிருக்கும். எங்கே இறங்குவதென்றாலும் அந்தக் கரைக்காரரிடம் அன்றைய நிலைமையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.