ஒரு செயலியோ இணையச் சேவையோ நல்லதா என்பதை நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

திரும்பி வர வழி வைத்திருக்கிறார்களா என்பதை வைத்துத்தான். தப்பாக ஒன்றை அழுத்திவிட்டால் மாற்ற முடிகிறதா? நான் போட்டு வைத்ததை வெளியே எடுக்க முடிகிறதா? வேண்டாம் என்று தோன்றினால் சிரமமில்லாமல் விலக முடிகிறதா? இதெல்லாம் இருந்தால் வேகம் கொஞ்சம் குறைவு, தோற்றம் கொஞ்சம் பழசு என்பதைப் பொறுத்துக்கொள்வேன். இது இல்லாத செயலியில் வேறு எத்தனை வசதி இருந்தாலும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை வருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வசதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தை நிறுத்தும் 'அன்டூ'வைத்தான் சொல்வேன். 2009-ல் சோதனை வசதியாக வந்து, 2015-ல்தான் அது எல்லோருக்குமான அமைப்பாக மாறியது. உள்ளே நடப்பது மிக எளிய வேலை. போய்ச் சேர்ந்த கடிதத்தை அது பிடித்து இழுத்து வருவதில்லை. நாம் அனுப்பு பொத்தானை அழுத்திய பிறகும் சில நொடிகள் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அமைப்புகளுக்குள் போனால் 5, 10, 20, 30 நொடி என்று தேர்வு செய்யலாம். நாமாக மாற்றாதவரை 5 நொடிதான் இருக்கும். அதை முதலில் 30 ஆக்கிவிடுங்கள். கோப்பை இணைக்காமல் விட்டது, பெயரில் எழுத்து மாறியது, பதிலை எல்லோருக்கும் அனுப்பிவிட்டது, இதெல்லாம் அனுப்பு என்று அழுத்திய அடுத்த கணத்தில்தான் கண்ணில் படும். பதறிப்போய்ப் பொத்தானைத் தேடுவதற்குள் 5 நொடி ஓடிவிடும்.

வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி 2017-ல் வந்தபோது 7 நிமிடம்தான் அவகாசம் கொடுத்தார்கள். பிறகு அதை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக நீட்டி, 2022-ல் இரண்டு நாளுக்கும் மேலாக ஆக்கினார்கள். அனுப்பிய செய்தியைத் திருத்தும் வசதி 2023-ல் வந்தது. அதற்கு 15 நிமிடம். அழித்தால் செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அங்கே நிற்கும். திருத்தினால் திருத்தப்பட்டது என்று தெரியும். அந்தக் குறிப்பு எதற்கு, தடமில்லாமல் போனால் என்ன என்று கேட்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் குறிப்பு இருப்பதுதான் சரி என்று படுகிறது. உரையாடல் இரண்டு பேருக்கும் சொந்தம். நான் படித்துவிட்ட ஒரு வரி மறுநாள் சத்தமில்லாமல் வேறு வரியாக மாறியிருந்தால், என் நினைவையே நான் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

அதே மாதிரி, நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று கேட்டு நிறுத்தும் பெட்டிகளை நான் பாதுகாப்பாகவே கருதுவதில்லை. நூறு முறை ஆம் என்று அழுத்திப் பழகிய விரல், நூற்றியோராவது முறை மட்டும் நின்று யோசிக்காது. அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் 2007-லேயே இதை எழுதினார்: எச்சரிக்கை கேட்காதீர்கள், செய்ய விடுங்கள், பிறகு திரும்பப் பெறும் வழியைக் கொடுங்கள் என்பது அவர் வாதம். முடிவே இல்லாமல் கீழே உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவரும் அவர்தான். அதற்காகப் பின்னாளில் வருத்தமும் தெரிவித்தார். இந்த இரண்டில் எதை நிறுவனங்கள் ஓடிவந்து எடுத்துக்கொண்டன என்பதை உங்கள் ஃபோனைத் திறந்தாலே பார்க்கலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் என் அம்மா. புது ஃபோன் கைக்கு வந்தபோது அவர் எதையும் தொடவே மாட்டார். "எதையாவது அமுக்கிக் கெடுத்துட்டேன்னா?" என்பதுதான் எப்போதும் அவர் கேள்வி. நானும் பொறுமையாக ஒவ்வொரு பொத்தானாக விளக்கிப் பார்த்தேன், பெரிய பலன் இல்லை. அழித்த படம் உடனே போய்விடாது, குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், அங்கிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு படத்தை அழித்து மீட்டுக் காட்டிய பிறகுதான் அவர் முகம் மாறியது. அப்புறம் அவரே தேட ஆரம்பித்தார். எனக்குத் தெரியாத வசதிகளைக்கூடக் கண்டுபிடித்து எனக்குக் காட்டுகிறார். ஐஃபோனில் அழித்த படம் 30 நாள் வரை இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள். வயதானவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கெட்டுப்போனால் சரிசெய்ய முடியாது என்ற பயம்தான் அவர்களைத் தள்ளி நிறுத்துகிறது. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது செயலியைச் செய்பவரின் வேலை.

சின்னச் சின்ன இடங்களில் இது இன்னமும் சரியாகவில்லை. ஒரு பதிவைப் பாதி படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு அது காணாமல் போகிறது. பின்னால் போனாலும் கிடைப்பதில்லை. இதை ஏன் யாரும் பெரிய குறையாகப் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. தவறித் தள்ளிவிட்ட அறிவிப்பும் இப்படித்தான். ஆண்ட்ராய்டு 11-இல் அறிவிப்பு வரலாறு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்கினால்தான் அது வேலை செய்யும். உங்கள் ஃபோனில் இயங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

விலகும் வழிக்கு வருகிறேன். சந்தா சேர ஒரே தட்டல், விலக ஐந்து பக்கம் என்ற ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். போக நினைப்பவரைக் கெஞ்சியோ குழப்பியோ நிறுத்தி வைத்து வாங்கும் பணம் அது. சேவை பிடித்துப்போய் அவர் கொடுத்த பணமாக அதைக் கணக்கில் எழுத முடியாது. இதில் சட்டம் தலையிட்ட பிறகுதான் மாற்றம் வருகிறது. ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து, இணையத்தில் சந்தா விற்பவர்கள் தளத்திலேயே ரத்து செய்யும் பொத்தான் வைத்தாக வேண்டும். அமெரிக்காவில் பிரைம் சந்தாவில் மக்களைச் சேர்த்த விதம், விலகுவதைக் கடினமாக்கிய விதம் இரண்டுக்காகவும் அமேசான்மீது அந்நாட்டு வணிக ஆணையம் 2023-ல் வழக்குப் போட்டது; 2025-ல் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது. ஆப்பிளும் 2022 ஜூன் 30 முதல், கணக்குத் தொடங்க விடும் செயலி எதுவானாலும் கணக்கை அழிக்கும் வழியையும் செயலிக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்னால், மின்னஞ்சல் எழுதிவிட்டு யாராவது பதில் சொல்வார்களா என்று காத்திருக்க வேண்டிய செயலிகள் ஏராளம்.

ஃபேஸ்புக்கில் கணக்கை அழிக்கச் சொன்னால் 30 நாள் அவகாசம் தருகிறார்கள். ஆளை விடாமல் பிடித்து வைக்கும் தந்திரம் இது என்பார்கள் சிலர். நான் இதை ஆதரிக்கிறேன். கோபத்தில் அழித்துவிட்டு மறுவாரம் பழைய படங்களை நினைத்து வருந்துபவர்கள் உண்டு. அவகாசம் முடிந்ததும் உண்மையிலேயே அழிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

போட்டு வைத்ததை வெளியே எடுப்பது பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை, சேவை மூடப்படும் நாள் வரைக்கும். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றுபோனபோது, பலர் தாங்கள் பின்தொடர்ந்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொது வடிவக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு சேவைக்கு மாறினார்கள். அந்தக் கோப்பை மற்றவர்களும் படிக்க முடிந்ததால்தான் அது நடந்தது. கூகுளில் போட்டு வைத்ததைப் பதிவிறக்கித் தரும் டேக்அவுட் சேவையில் படங்களை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். படங்கள் வரும், ஆனால் கூகுள் குறித்து வைத்த தேதி, இட விவரமெல்லாம் பக்கத்தில் ஜேசான் என்ற தனித்தனி எழுத்துக் கோப்புகளாகக் கிடக்கும். வேறொரு செயலி அதைப் படிக்காவிட்டால், தேதியை நாமே ஒட்டவைக்க வேண்டியதுதான்.

பணம் அனுப்புவதில் இந்த அளவுகோலை அப்படியே வைக்க முடியாது. போன பணத்தை அனுப்பியவரே திரும்ப இழுக்கலாம் என்றால், பொருளைக் கொடுத்துவிட்டு நிற்பவர் ஏமாந்துபோவார். அதனால் அங்கே நான் பார்ப்பது வேறு: பணம் பெறுபவரின் பெயர் பெரிய எழுத்தில் வருகிறதா, தொகை தெளிவாகத் தெரிகிறதா, ரகசிய எண்ணைக் கேட்பதற்கு முன்பே இரண்டையும் காட்டுகிறார்களா என்பதுதான்.