குருக்கள் குறையும் பங்குகள்: கேள்வி பதில்

ஜெர்மனியின் 27 கத்தோலிக்க மறைமாவட்டங்களிலும் (ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள பகுதிகள்) சேர்த்து 2024இல் திருநிலைப்படுத்தப்பட்ட மறைமாவட்டக் குருக்கள் 29 பேர்தான். 1960களின் தொடக்கத்தில் இந்த எண்ணிக்கை ஆண்டுக்கு 500ஐத் தாண்டியிருந்தது. அங்கு வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் அனுப்பிய கேள்விகளே பெரும்பாலும் இங்கு உள்ளன. இங்கு பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள ஊர்த் திருச்சபை. என் துறை திருச்சபைச் சட்டம். அதற்கு அப்பாற்பட்டவற்றுக்கு நீண்ட பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பங்கையும் அண்டை ஊர்ப் பங்குகள் நான்கையும் ஒரே பங்குத்தந்தையிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்து கோவிலையே மூடிவிடுவார்களோ என்று அச்சமாக இருக்கிறது. நாங்கள் எதிர்க்க முடியுமா?

பதில்: மூன்று வெவ்வேறு செயல்களை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறீர்கள். குருக்கள் போதாதபோது ஒருவரிடமே பல பங்குகளை ஒப்படைக்கச் சட்டம் (திருச்சபைச் சட்டத் தொகுப்பின் விதி 526; அடைப்புக்குறிக்குள் இனி வரும் எண்களும் விதி எண்களே) இடம் தருகிறது. அப்போதும் உங்கள் பங்கு தனிப் பங்காகவே நீடிக்கும். பங்குகளை இணைத்து ஒன்றாக்குவதானால், ஆயர் முதலில் தமக்கு ஆலோசனை கூறும் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும் (515). கோவில் கட்டடத்தை வழிபாட்டுப் பயன்பாட்டிலிருந்து நீக்குவதற்கோ கனமான காரணம் வேண்டும். மறைமாவட்டத்தில் பொதுவாகக் குருக்கள் குறைவு என்பது மட்டும் அத்தகைய காரணமாகாது என்று வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் 2013இல் தெளிவுபடுத்தியது. ட்ரியர் மறைமாவட்டம் தன் 887 பங்குகளை 35 ஆகச் சுருக்க முனைந்தபோது, 2019 நவம்பரில் வத்திக்கான் அதை நிறுத்திவைத்தது. எனவே எதிர்க்க வழி உண்டு. ஆனால் ஆணையை எழுத்தில் வாங்குங்கள். அது அறிவிக்கப்பட்ட 10 நாள்களுக்குள் மறுபரிசீலனை கோரி ஆயருக்கே எழுத வேண்டும். கையெழுத்து வேட்டையில் மாதங்களைக் கழித்துவிட்டு உரோமைக்கு மனு அனுப்புவோர் பலர். அந்த மனு காலாவதியானதாகவே கருதப்படும்.

கேள்வி: ஞாயிறுதோறும் எங்கள் ஊருக்குக் குரு வருவதில்லை. நாங்களே வழிபாடு நடத்தலாமா?

பதில்: நடத்தலாம், அதற்கான நெறிமுறைகளை உரோமை 1988இலேயே வெளியிட்டுவிட்டது. அருகிலுள்ள கோவிலுக்குச் சென்று திருப்பலி காண முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அன்றோ முந்தின நாள் மாலையோ அதே கோவிலில் திருப்பலி இருந்தால் இந்த வழிபாடு கூடாது. திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலையில் திருநிலை பெற்றவர்) இருந்தால் அவர் தலைமை தாங்குவார்; இல்லையேல் பங்குத்தந்தை நியமிக்கும் பொதுநிலையினர் (திருநிலை பெறாத விசுவாசி) ஒருவர், ஆணோ பெண்ணோ, வழிநடத்தலாம். அவர் குருவின் இருக்கையில் அமர்வதில்லை. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று வாழ்த்துவதில்லை. மக்களுக்கு ஆசி வழங்குவதுமில்லை. வாசகங்களும் மன்றாட்டுகளும் முடிந்தபின் பேழையிலிருந்து நற்கருணைப் பாத்திரத்தை எடுத்துவந்து, பீடத்தில் வைத்து, மண்டியிட்டு வணங்கிய பிறகே ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தொடங்குகிறார். திருப்பலியில் குரு மட்டுமே சொல்லும் நற்கருணை மன்றாட்டின் ஒரு வரியைக்கூட, வெறும் வாசிப்பாகவும், சேர்க்கக் கூடாது. நியமனம் எழுத்தில் இருக்கட்டும்; குரு மாறினால் வாய்மொழி அனுமதியும் அவரோடு போய்விடும்.

இனி என் கருத்து. பல ஊர்களுக்கு ஓடி ஓடித் திருப்பலி நிறைவேற்றும் குருவால் மட்டும் ஒரு பங்கு பிழைப்பதில்லை. கோவில் சாவியை வைத்திருப்பவரும், சாவு வீட்டுக்கு முதலில் போகிறவரும், திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வருபவரை வரவேற்பவரும் அந்த ஊரிலேயே வாழ்பவராக இருக்க வேண்டும். பிரான்சின் புவாத்தியே மறைமாவட்டத்தில் ஆயர் ஆல்பர் ரூவே 1990களில் இதைத்தான் ஒழுங்குபடுத்தினார்: சிற்றூர்தோறும் ஐவர் குழு, நம்பிக்கை அறிவிப்பு, இறைவேண்டல், பிறரன்புப் பணி ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர், குழுவை ஒருங்கிணைக்க ஒருவர், கணக்குக்கு ஒருவர். பொறுப்பு மூன்றாண்டு; ஒருமுறைதான் நீட்டிக்கலாம். இந்தக் கடைசி விதியே எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் பங்குகளில் குட்டி மன்னர்கள் முளைப்பதை அது தடுக்கிறது. நமக்கும் இது புதிதன்று. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களை வெளியேற்றிய பின், 1687இல் மறைபரப்பாளர் புனித யோசப் வாஸ் வந்தபோது, யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊரில் விசுவாசம் அணையாமல் இருந்தது; அதைக் காத்தவர்கள் ஊர்மக்களே.

கேள்வி: குரு இல்லாமல் நாங்கள் நடத்தும் வழிபாட்டில் கலந்துகொண்டால், ஞாயிறு திருப்பலி காணும் கடன் தீருமா?

பதில்: திருப்பலிக்குச் செல்ல இயலாதவருக்கு அந்தக் கடனே இல்லை, அத்தகையோர் இறைவார்த்தை வழிபாட்டில் பங்கேற்பதைச் சட்டம் (1248) வலுவாகப் பரிந்துரைக்கிறது. இயன்றும் செல்லாதவருக்கு இந்தப் பதில் பொருந்தாது.

கேள்வி: சாகக் கிடப்பவருக்குக் குரு வர முடியாவிட்டால் யார் நோயில் பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருளடையாளம்) கொடுக்கலாம்?

பதில்: குருவைத் தவிர யாராலும் முடியாது, திருத்தொண்டராலும் முடியாது (1003). ஆனால் நற்கருணைப் பணியாளர் இறுதி வழியுணவாக நற்கருணையைக் கொண்டுவரலாம் (911). மூச்சு அடங்கும் வரை காத்திருக்காமல், நோய் கடுமையானதுமே குருவை அழையுங்கள். திருமுழுக்கின் நிலை வேறு: ஜெர்மனியின் எசன் மறைமாவட்டத்தில் 2022இல் ஆயரின் நியமனம் பெற்ற பொதுநிலையினர் அதை வழங்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: ஐயா, ஏன் இவ்வளவு சுற்றிவளைப்பு? மணமானவர்களைக் குருக்களாக்கினால் சிக்கல் தீர்ந்தது.

பதில்: 2019 அமேசான் ஆயர் மாமன்றம், தகுதியுள்ள மணமான திருத்தொண்டர்களைக் குருக்களாக்கலாம் என்று 128க்கு 41 என்ற வாக்குகளில் பரிந்துரைத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 பிப்ரவரி மடலில் அதைத் தொடவே இல்லை. அதிகாரம் பெற்ற பொதுநிலைத் தலைவர்கள் வேண்டும் என்றார். எல்லாம் தீர்ந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. போதகர்கள் மணம் புரியும் ஜெர்மன் புரொட்டஸ்தாந்து சபைகளும் போதகர் பற்றாக்குறையில்தான் இருக்கின்றன.

மறுப்பு (மற்றொரு வாசகர்): மணத்துறவு கிறிஸ்து காட்டிய வழி. அதை விவாதிப்பதே தவறு.

பதில்: விவாதிக்கலாம், அது இலத்தீன் திருச்சபையின் ஒழுங்கு, மாற்றவொண்ணாத கோட்பாடு அன்று. உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் மணமான குருக்கள் உரோமையோடு முழு ஒன்றிப்பில் இருக்கிறார்கள். அதே வேளையில், கீழைத் திருச்சபையான நம் சீரோ மலபார் சபை மணத்துறவையே கடைப்பிடிக்கிறது. இரு தரப்பாரும் தமக்கு வசதியான பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

மணமான குருக்களைப் பற்றிக் கேட்டவர்: அப்படியானால் நீங்களும் எங்கள் பக்கம்தானே?

பதில்: இல்லை. உங்கள் ஊரில் வரும் ஞாயிறு கோவிலைத் திறப்பவர் யார் என்பதே என் கவலை. இதற்கு மேல் உங்களுக்குள் வாதிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து குருக்களை வரவழைப்பது தீர்வாகாதா?

பதில்: பன்னிரண்டாம் பயஸ் 1957இல் ஆப்பிரிக்காவுக்குக் குருக்களைக் கேட்டு எழுதிய மடல் காட்டிய வழிதான் இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது. வருபவர்கள் பெரும் உழைப்பாளிகள். ஆனால் அவரது மறையுரையே மக்களுக்குப் புரியாதபோது ஐந்து ஊர்களை ஒருவர் தலையில் கட்டுவது அவருக்கும் மக்களுக்கும் நீதியன்று. மேலும், தமிழகத்தின் கிளைக் கிராமங்கள் பலவற்றில் உபதேசியாரே (மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினர்) வழிபாட்டைத் தாங்கி நிற்கிறார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: குரு இல்லாத ஞாயிறு என் அக்காவே நற்கருணை வழங்குகிறார். செல்லுமா?

பதில்: இரண்டாம் கேள்வியின் பதிலைப் படியுங்கள். நியமனக் கடிதம் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் குரு ஞாயிறன்று நான்கு திருப்பலி வைக்கிறார். குறிப்பிட்ட கருத்துக்காகப் பூசை வைக்கக் கொடுக்கும் நான்கு காணிக்கையும் அவருக்கா?

பதில்: ஆயர் அனுமதித்தாலும் ஞாயிறன்று மூன்றுக்கு மேல் கூடாது (905). காணிக்கையில் ஒன்றை மட்டுமே அவர் வைத்துக்கொள்ளலாம். மற்றவை ஆயர் குறிக்கும் பணிக்குச் செல்ல வேண்டும் (951).