பொது இடத்தில் குடிலும் பந்தலும்: நாத்திகர் ஆட்சேபிக்கலாமா?

டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில், ஆவணியில் பிள்ளையார் பந்தல் என்று பாம்பன் பக்கம் சாலையோரத்தில் வைக்கிறார்கள், கடவுள் நம்பிக்கை இல்லாத நான் ஆட்சேபிக்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக. அரசமைப்பின் 25வது பிரிவு மதச் சுதந்திரத்துக்கு முன்பே மனச்சான்றுச் சுதந்திரத்தைச் சொல்கிறது. நம்பாதவருக்கும் அதில் இடமுண்டு.

ஆனால் எதை எதிர்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மீனவக் குடும்பங்கள் கைக்காசு போட்டு, பனையோலை வேய்ந்து, மாட்டுத் தொழுவப் பொம்மைகளை அடுக்கி, பத்து நாளில் பிரித்துவிடும் குடில் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. உரிய அனுமதி இருந்து, நடைபாதை மறைபடாவிட்டால் விட்டுவிடலாம் என்பேன். அதே இடத்தில் சிமெண்ட் பூசி நிரந்தரமாக்கினால் கதை வேறு. பொது இடங்களில் அனுமதியின்றிப் புதிதாக வழிபாட்டுத்தலம் கட்டக்கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

அமெரிக்காவிலும் குடிலை எதிர்த்து வழக்குகள் வந்திருக்கின்றன; அவை பெரும்பாலும் அரசுக் கட்டடம், அரசு இடம் இவற்றை வைத்துத்தான். நீதிமன்றப் படிக்கட்டில் தனியாக வைத்த குடில் செல்லாது என்று 1989இல் தீர்ப்பானது.

அப்புறம், சீரியல் விளக்குக்கு ஊராட்சிப் பணம் போனதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த மதத்துக்குக் கேட்டாலும் மற்றவற்றுக்கும் சேர்த்தே கேளுங்கள்.