ஆமை உறங்கப் போகும் முன்: வயிறு காலியாக, நீர்ப்பை நிறைவாக

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “மகள் வளர்க்கும் ஹெர்மன் ஆமைக்கு (தெற்கு ஐரோப்பாவின் தரை ஆமை) பத்து வயது, எடை 1,200 கிராம். அக்டோபர் பிறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. குளிர்கால உறக்கத்துக்காக, வைக்கோல் நிரப்பிய பெட்டியில் விட்டு, கார் நிறுத்தும் கராஜில் வைத்துவிடலாமா?”

உடனே வைக்க வேண்டாம். பகல் குறுகும்போது ஹெர்மன் ஆமை இரையைக் குறைத்துக்கொள்வது இயல்புதான் என்றாலும், நோயுற்ற ஆமையும் அதே போலத்தான் சாப்பிட மறுக்கும். மூக்கில் நீர் வடிகிறதா, கண்ணிமை வீங்கியிருக்கிறதா, வாய்க்குள் மஞ்சள் நிறத்தில் சீழ் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஐயம் இருந்தால், இந்த ஆண்டு உறங்க விடாமல், விளக்கின் வெப்பத்தில் விழித்திருக்கச் செய்வதே பாதுகாப்பானது. (நம் ஊர் நட்சத்திர ஆமைக்கும், ஆப்பிரிக்காவின் சல்காட்டா ஆமைக்கும் இந்த உறக்கமே கிடையாது, அவற்றைக் குளிரில் வைத்தால் இறந்துவிடும்.)

உடல்நலம் சரியாக இருந்தால், அடுத்து வயிற்றைக் காலியாக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். இரையை நிறுத்தும் அன்றே விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். ஆமையின் உடலுக்குச் சொந்த வெப்பம் இல்லை. வெளிவெப்பம் இல்லாவிட்டால் செரிமானம் நின்று, உண்ட இலை குடலுக்குள்ளேயே அழுகத் தொடங்கிவிடும். எனவே இரையை முற்றிலும் நிறுத்திய பின்னும் முதல் இரண்டு வாரங்களுக்கு விளக்கு எரியட்டும். அதன் பிறகு விளக்கை அணைத்து, குளிர்ச்சியான அறைக்கு மாற்றி, ஒரு வாரம் பத்து நாட்களில் வெப்பநிலையைப் படிப்படியாக 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஆமைக்கு மொத்தம் மூன்றிலிருந்து நான்கு வாரப் பட்டினி போதும்.

இந்தப் பட்டினிக் காலத்தில் தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது. தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, நாள்தோறும் பதினைந்து இருபது நிமிடம் அதில் விடுங்கள். கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தி, தொண்டை மெல்ல ஏறி இறங்க அது குடிப்பதைக் காணலாம். சற்று நேரத்தில் நீரில் மலமும், வெண்ணிறக் கூழ் போன்ற உப்புக் கழிவும் வெளிவரும். அந்தக் கூழ் மணல்போல் நெருநெருத்தால் உடலில் நீர் போதவில்லை என்று பொருள். அந்த நிலையில் உறங்க வைக்காதீர்கள். உறக்கம் முழுவதற்கும் அதன் கையிருப்பு, நீர்ப்பையில் சேர்த்துவைத்திருக்கும் இந்த நீர்தான்.

கராஜை நான் பரிந்துரைக்கவில்லை. உறக்கத்துக்கு உகந்தது 5 டிகிரி. உறைநிலைக்குக் கீழே இறங்கினால் கண்பார்வை பறிபோகலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். 10 டிகிரிக்கு மேல் ஏறினால் பாதி விழித்து, சேமிப்பைக் கரைத்துவிடும். கராஜின் வெப்பநிலையோ வானிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். இதற்கென்றே ஒரு ஃபிரிட்ஜை ஒதுக்குவது நல்லது. ஆமையை விடுவதற்கு முன் ஒரு வாரம் அதைக் காலியாக ஓடவிட்டு, உள்ளே தெர்மோமீட்டர் வைத்து, வெப்பநிலை நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை உள்ளே அடுக்கினால் ஏற்ற இறக்கம் குறையும். காற்றுத்துளை இட்ட பெட்டியில் மண்ணோ நறுக்கிய காகிதமோ போதும். வைக்கோலில் பூஞ்சை பிடிக்கும். காற்று மாற, தினம் ஒருமுறை கதவைச் சில நொடிகள் திறந்து மூடுங்கள்.

வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மகளே இதைச் செய்யலாம். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைவது இயல்பு. உறங்கத் தொடங்கியபோது 1,200 கிராம் இருந்தால், 1,080 கிராமை நெருங்க விடாமல் எழுப்பிவிட வேண்டும். இடையில் பெட்டி ஈரமாகி, சிறுநீர் கழித்திருப்பது தெரிந்தால், எடை எவ்வளவு இருந்தாலும் அன்றே எழுப்புங்கள், கையிருப்பு போய்விட்டது.

பத்திலிருந்து பன்னிரண்டு வாரம் போதுமானது. நவம்பர் இறுதியில் வைத்தால் பிப்ரவரி நடுவில் வெளியே எடுத்து, சில மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டு, பிறகு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, விளக்கின் கீழ் விடுங்கள். ஒரு நாளுக்குள் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் இலை கடிக்க வேண்டும். கடிக்காவிட்டால், தானே சரியாகும் என்று காத்திராமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.