முதல் மோட்டோகிராஸ் பைக்கைப் பழையதாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பல ஆண்டுகள் சாலையில் ஓட்டிய அனுபவத்தோடு, மோட்டோகிராஸ் எனப்படும் மண்பாதைப் பந்தயத்துக்கான பழைய 450 சிசி பைக்கில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழையதாக வாங்குவது நல்ல முடிவுதான். ஆனால் 450 சிசி வேண்டாம். மண்ணில் அதன் வேகம் புதியவரை எளிதில் தூக்கி எறிந்துவிடும். யமஹா ஒய்இசட்125 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டி எடை குறைந்தது. அதன் பிஸ்டனை மாற்றும் செலவும், 450 சிசி வண்டியில் இருப்பது போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும் செலவைவிட மிகக் குறைவு.

நீங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்; சூடாக்கி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். இவ்வண்டிகளின் தேய்மானம் கிலோமீட்டரில் அல்ல, ஓடிய மணிக்கணக்கில் அளக்கப்படுவதால், பிஸ்டன் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதன் உட்புறத்தையும் எஞ்சினுக்குச் செல்லும் குழாயையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே மண் ஒட்டியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி அசைத்தால், தேய்ந்த பேரிங்குகள் ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

ஹெல்மெட்டுக்கும் முழங்கால் வரை உயரும் பூட்ஸுக்கும் பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். மேடுகளில் வண்டியோடு தாவுவதை இப்போதைக்கு விட்டுவிட்டு, எழுந்து நின்றபடி ஓட்டவும் பிரேக் பிடிக்கவும் சமதளத்தில் பழகுங்கள்.